குடியேறினோரும் பாஷைப் பயிற்சியும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு அந்நிய தேசம் சென்றவன் முதன்முதல் இழப்பது யாது என்று வினவின், செல்வம் என்பார் சிலர், சுற்றம் என்பார் சிலர். நாம் அறிந்த அளவில் அவன் முதன்முதல் இழப்பது தன் வாய்ச்சொல்லே. தன் ஊரில் நால்வர் நடுவே நியாயம் பேசியவன், மொழி தெரியாத நாட்டில் இறங்கிய அன்றே ஊமையாகிறான். ஊமை கண்ட கனாவைப் போல அவன் அறிவும் அனுபவமும் அவனுள்ளேயே அடங்கிப் போகின்றன. நம் குடும்பங்களில் பலவற்றின் மக்கள் இன்று கடல் கடந்த தேசங்களில் வாழ்கின்றனர். அவர்கட்கு நாம் வழக்கமாகக் கூறும் புத்தி, “அந்நாட்டுப் பாஷையைச் சீக்கிரம் கற்றுக்கொள்” என்பதே. அது நற்புத்திதான். ஆயினும் கற்றுக்கொள் என்று சொல்வது எளிது. பக்கத்தில் உட்கார்ந்து கற்பிப்பவர் யார் என்பதே கேள்வி. இக்கேள்விக்குக் கனடா தேசத்தில் ஒரு நூறு வருஷத்துக்கு முன்னர் சிலர் கண்ட விடையை நம் நேயர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாஷையை மதிலாக்கியோர்

குடியேற வருவோனுக்குப் பாஷையைப் பாலமாக அமைத்துக் கொடுத்த தேசங்களும் உண்டு; அதனையே மதிலாக எழுப்பிய தேசங்களும் உண்டு. முதலில் மதிலைக் கூறுவோம்.

ஆஸ்திரேலியாவில் 1901-ஆம் வருஷத்தில் குடியேற்றத் தடைச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஆசியாக் கண்டத்தார் வரலாகாது என்று அச்சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாக, அதிகாரி விரும்பிய ஐரோப்பிய பாஷை ஒன்றில் ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பகுதியை அவர் படிக்க, வந்தவன் பிழையின்றி எழுத வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இங்கிலீஷ் அறிந்தவன் வந்தால் வேறொரு பாஷையில் பரீட்சை. அதுவும் அறிந்தவனாயின் இன்னொன்றில் பரீட்சை. 1934-ஆம் வருஷத்தில் எகான் கிஷ் என்னும் எழுத்தாளர் அங்கே சென்றபோது, அவர் பல பாஷைகளை அறிந்தவரென்று கண்ட அதிகாரிகள், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் அவரைப் பரீட்சித்துத் தள்ளினர். அம்மொழி சட்டத்தில் கூறிய ஐரோப்பிய பாஷை ஆகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அரசாங்கத்தார் நாணமுற நேர்ந்தது. இப்பரீட்சை 1958-ஆம் வருஷத்திலேதான் ஒழிக்கப்பட்டது. பாஷையைக் கற்பிக்க அன்று, தடுக்கவே அது பயன்பட்டது.

அதே ஆஸ்திரேலியா, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் உழைக்கும் கைகள் வேண்டியிருந்தமையால், 1948 முதற்கொண்டு ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகட்குக் கப்பலிலும், போனகிலா முதலிய வரவேற்பு முகாம்களிலும் இங்கிலீஷ் கற்பிக்கத் தலைப்பட்டது என்பதும் இங்கு நோக்கத்தக்கது. இது கொண்டு பாஷையானது தானாக மதிலும் ஆகாது, பாலமும் ஆகாது. அதனைக் கையாளும் மனத்தின்படியே அது ஆகும் என்பது விளங்கும்.

“இங்கே வா” என்ற பாஷை

மதிலும் பாலமும் அன்றி மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அது நம்மவர் நன்கு அறிந்தது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நம் நாட்டு ஏழைகள் ஆயிரக்கணக்கிற் சென்றபோது, அவர்களை வேலை வாங்க வந்த வெள்ளைக்காரச் சின்னதுரைமார் தமிழ் கற்க வேண்டியவராயினர். அவர்கட்கென்று கொழும்பில் அச்சிடப்பட்ட கையடக்கத் தமிழ்ப் புத்தகம் ஒன்றின் பெயரே “இங்கே வா” என்பது. ஒரு பாஷையைக் கற்பவன் அதன் வாயிலில் முதன்முதல் எந்தச் சொல்லைக் காண்கிறான் என்பதைக் கொண்டே, அவன் அதைப் பேசுவோரோடு எவ்வித உறவை நாடுகிறான் என்று அறியலாம். “நலமா” என்று தொடங்கும் பாஷை ஒன்று. “இங்கே வா” என்று தொடங்கும் பாஷை மற்றொன்று. பின்னதிலே ஏவல் உண்டு, பேச்சு இல்லை. ஏவப்படுபவன் ஏவலை விளங்கிக்கொண்டால் போதும். அவன் மறுமொழி கூற வேண்டுவதில்லை. இந்த மூன்றாம் வகையை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். முடிவில் இதனைக் குறித்து நாம் பேச வேண்டியிருக்கிறது.

கனடாவின் காட்டு முகாம்கள்

இனிக் கனடாவுக்கு வருவோம். 1896-ஆம் வருஷத்தில் அந்நாட்டு உள்நாட்டு மந்திரியாகிய கிளிபர்ட் சிப்டன் என்பவர், மேற்குப் பிரதேசத்தின் வெற்று நிலங்களைக் குடியேற்றத்தால் நிரப்பக் கருதி, கிழக்கு ஐரோப்பாவின் உழவர்களையும் அழைத்தார். அதன்பின் உக்கிரேனியர், போலந்து தேசத்தார், இத்தாலியர், பின்லாந்தியர், பல்கேரியர் முதலிய பல சாதி ஜனங்கள் திரள் திரளாக வந்தனர். 1913-ஆம் வருஷம் ஒன்றில் மாத்திரம் வந்தோர் தொகை நான்கு லட்சத்தைக் கடந்தது. அக்காலத்துக் கனடாவின் மொத்த ஜனத்தொகை ஏறத்தாழ 75 லட்சமே என்பதை எண்ணிப் பார்த்தால், இது எத்தகைய பெருவெள்ளம் என்பது புலனாகும்.

இவர்களிற் பலர் நிலம் பெறுமுன் கூலி தேட வேண்டியிருந்தது. கண்டத்தைக் குறுக்கே கடக்கும் புதிய ரெயில் பாதைகள் அந்நாளில் போடப்பட்டுக்கொண்டிருந்தன. காடுகளில் மரம் வெட்டவும், பாறை உடைக்கவும், மண் சுமக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஊரிலிருந்து பல மைல் தூரத்துக்கு அப்பால், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய தாழ்ந்த கொட்டகைகளில் அவர்கள் வசித்தனர். ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைப் படுக்கைகள். நடுவே ஒரு கணப்படுப்பு. அதைச் சுற்றிலும் உலரப் போட்ட ஈரத்துணிகள். காற்று வர வழியில்லாத இருள். எட்மண்ட் பிராட்வின் என்பவர் இம்முகாம்களில் பல வருஷம் இருந்து, தாம் கண்டவற்றை ஒரு நூலாக எழுதி 1928-ல் வெளியிட்டார். 1903 முதல் 1914 வரையில் அத்தொழிலாளர் பட்ட பாட்டை அறிவதற்கு அந்நூலே சிறந்த சாட்சியாக இருக்கிறது.

பாஷை தெரியாமையால் அவர்கட்கு நேர்ந்த கேடுகள் அற்பமானவை அல்ல. நகரத்தில் வேலைத் தரகன் கூறிய கூலி ஒன்று. முகாமில் எழுதப்பட்ட கூலி வேறு. சாப்பாட்டுக்கும், கம்பெனிக் கடையில் வாங்கிய சாமான்களுக்கும், வைத்தியச் சந்தாவுக்குமாகக் கணக்கிற் பிடித்தது போக எஞ்சியது எவ்வளவு என்று கேட்கவும் அவனுக்கு வாயில்லை. பற்று வரவுச் சீட்டைக் கையில் கொடுத்தால் அதைப் படிக்கவும் அறியான். இவை பணத்தைப் பற்றியவை. பாறையைத் தகர்க்க வெடிமருந்து வைக்கும் இடத்தில், விலகச் சொல்லும் எச்சரிக்கை விளங்காதவனுக்கு அபாயம் உயிரைப் பற்றியதாயிற்று.

இதனோடு இன்னொன்றும் பிராட்வின் குறித்துள்ளார். முகாம்களில் ஜனங்கள் “வெள்ளையர்” என்றும் “அந்நியர்” என்றும் இரு பிரிவாகக் கொள்ளப்பட்டனர். உக்கிரேனியரும் இத்தாலியரும் நிறத்தால் வெள்ளையரே ஆயினும் அப்பெயர் அவர்கட்கு மறுக்கப்பட்டது. இங்கிலீஷ் பேசுவோரும் ஸ்காண்டினேவியரும் மேலான வேலைகளில் இருக்க, பாரம் சுமப்பதும் பாறை பிளப்பதும் அந்நியர்க்கே விடப்பட்டன. தோலின் நிறத்தைக் காட்டிலும் நாவின் ஒலியே அங்கே ஒருவனுடைய இடத்தை வகுத்தது போலும்.

பகலில் தோழன், இரவில் ஆசிரியன்

இந்நிலையைக் கண்டு மனம் பொறாதவர் ஆல்பிரட் பிட்ஸ்பாட்ரிக் என்னும் பாதிரியார். அவர் 1862-ல் நோவா ஸ்கோஷியா மாகாணத்திற் பிறந்தவர். காட்டில் உழைப்போர்க்குக் கல்வி கிட்டாமை பெரிய அநீதி என்று கருதி, 1899-ஆம் வருஷத்தில் வாசிப்பு முகாம் சங்கம் என்பதனைத் தோற்றுவித்தார். அது பிற்காலத்தில், 1919-ல், எல்லைப்புறக் கல்லூரி என்ற பொருளுடைய ‘பிராண்டியர் காலேஜ்’ என்னும் பெயர் பெற்றது.

ஆதியில் அவர் செய்தது, முகாம்களில் வாசிப்பு அறைகளை அமைத்துப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் வைத்ததே. நல்ல நோக்கமே, ஆனால் அது போதவில்லை. வாசிக்கத் தெரியாதவனுக்குப் புத்தக அலமாரி என்ன செய்யும்? ஆகவே ஆசிரியர்களை அனுப்பினார். அதிலும் ஒரு குறை தோன்றிற்று. பத்து மணி நேரம் கோடரி பிடித்து ஓய்ந்து வருபவன் முன், பகலெல்லாம் சும்மா இருந்த இளைஞன் வெளுத்த சட்டையோடு நின்று பாடம் சொல்ல வந்தால், இருவர்க்கும் இடையே உறவு எங்ஙனம் உண்டாகும்?

இதற்கு மாற்றாக அமைந்த ஏற்பாடே அச்சங்கத்தின் தனிச் சிறப்பாக நிலைத்தது. ஆசிரியனும் பகலில் அத்தொழிலாளரோடு கூட மரம் வெட்டினான், தண்டவாளம் சுமந்தான், மண் அள்ளினான்; அவர்கள் உண்டதை உண்டான்; அவர்கள் படுத்த பலகையில் படுத்தான்; மாலையானதும் கூடாரத்திலோ, ரெயில் வண்டிப் பெட்டியிலோ, கொட்டகையின் ஒரு மூலையிலோ கரும்பலகையை மாட்டிப் பாடம் நடத்தினான். இவர்களை உழைப்பாளி ஆசிரியர் என்றே அழைத்தனர். பெரும்பாலோர் சர்வகலாசாலை மாணவர்கள். பிற்காலத்தில் சீன தேசத்தில் காயமுற்றோர்க்கு வைத்தியம் செய்து 1939-ல் உயிர் நீத்த டாக்டர் நார்மன் பெத்யூன், தம் இளமையில் 1911-ஆம் வருஷம் ஒண்டாரியோ மாகாணத்தின் மரம் வெட்டும் முகாம் ஒன்றில் இவ்வாறு ஆசிரியராக இருந்தவரே. 1920-க்குப் பிற்பட்ட வருஷங்களில் பெண்மணிகள் சிலரும் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்து, உடனுழைத்த பெண்களுக்குக் கற்பித்தனர்.

இம்முறையின் பயன் யாதென்று ஆராய்வோம். முதலாவது, பாடம் வேலையிலிருந்தே பிறந்தது. பகலிற் கையிற் பிடித்த மண்வெட்டிக்கும் கோடரிக்கும் பெயர் இரவில் கரும்பலகையில் எழுதப்பட்டால் அது எளிதில் மறவாது. இரண்டாவது, ஆசிரியனுக்கும் மாணாக்கனுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு பகலில் தலைகீழாயிற்று. பட்டணத்து இளைஞனுக்கு மரம் எப்பக்கம் சாயும் என்று தெரியாது. அதை அவனுக்குக் கற்பிப்பவன் உக்கிரேனிய உழவன். பகலில் கற்றவன் இரவில் கற்பிக்கவும், பகலில் கற்பித்தவன் இரவில் கற்கவும் ஆயினமையால், பிழையாகப் பேசுவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பாஷை கற்பதற்குப் பெருந்தடை வெட்கமே என்பதை அயல்நாட்டில் வாழ்ந்த நம்மவர் யாவரும் அறிவர். மூன்றாவது, அவ்வாசிரியன் பாடம் சொல்வதோடு நில்லாது, ஊருக்குக் கடிதம் எழுதித் தரவும், சம்பளக் கணக்கைப் படித்துக் காட்டவும் ஏற்ற தோழனாக அங்கேயே இருந்தான்.

குறைகளும் கூறவேண்டும்

ஒரு நற்செயலைப் புகழும்போது அதன் குறையை மறைத்தல் சரித்திரம் ஆகாது. பிட்ஸ்பாட்ரிக்கும் தம் காலத்து மனிதரே. குடியேறினோரைப் பிரிட்டிஷ் வழக்கங்களில் பழக்கிக் கனடியராக்குதல் வேண்டும் என்பது அவரது எண்ணத்தில் பெரும் பங்கு கொண்டிருந்தது. 1919-ல் அவர் புதிய கனடியர்க்கென்று பாடப் புத்தகம் ஒன்று வெளியிட்டார். அவ்வருஷமே வின்னிபெக் நகரத்தில் பெரிய பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அந்நிய பாஷை பேசுவோரெல்லாம் கலகக்காரர் என்ற சந்தேகம் நாடெங்கும் பரவியிருந்தது. ஆகவே பாஷை கற்பித்தலில் அன்போடு அச்சமும் கலந்திருந்தது எனல் பொருந்தும்.

அன்றியும், அக்காலத்துக் கனடாவின் கதவு எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. சீனர் தலைக்கு 500 டாலர் வரி 1903 முதல் வாங்கப்பட்டது. இந்தியரைத் தடுக்கும் பொருட்டு, பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் நேரே வந்தவரே இறங்கலாம் என்று 1908-ல் விதி செய்தனர். அவ்விதியைக் காட்டி, 1914-ஆம் வருஷம் மே மாதத்தில் கோமகதமாரு என்னும் கப்பலில் வான்கூவர் துறைமுகம் சேர்ந்த இந்தியர் 376 பேரில் மிகச் சிலரை ஒழியப் பிறரை இறங்க விடாமல் இரண்டு மாதம் கடலில் நிறுத்திப் பின்பு திருப்பி அனுப்பினர். காட்டு முகாமில் ஒருவனுக்கு அரிச்சுவடி கற்பித்த தேசமே, துறைமுகத்தில் மற்றொருவனைக் கப்பலோடு தள்ளிற்று. இவ்விரண்டும் ஒரே காலத்தின் செய்திகள்.

பிட்ஸ்பாட்ரிக் தம் சொந்த நாட்டாரோடும் போராட நேர்ந்தது. உழைப்பவன் தன் வேலையிடத்திலேயே சர்வகலாசாலைப் பட்டம் பெறக்கூடாதா என்று அவர் கேட்டார். 1922-ல் பட்டம் வழங்கும் உரிமையையும் மத்திய அரசாங்கத்திடம் பெற்றார். ஆனால் கல்வி மாகாணங்களின் அதிகாரம் என்ற வாதமும், பெரிய கலாசாலைகளின் எதிர்ப்பும் எழ, பத்து வருஷத்துக்குள் அவ்வுரிமையைக் கைவிட நேர்ந்தது. அவர் 1936-ல் காலமானார். அவர் கண்ட சங்கமோ அழியவில்லை. 1977-ல் ஐக்கிய நாடுகளின் கல்விக் கழகமான யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசைப் பெற்றது. 2022-ல் புதுப்பெயர் பூண்டு எழுத்தறிவுத் தொண்டை நடத்தி வருகிறது.

நம்மவர்க்கு உரிய படிப்பினை

1983-ஆம் வருஷத்து ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் கனடாவிற் புகலடைந்தனர். தமிழ்நாட்டிலிருந்தும் படிப்பு, உத்தியோகம் காரணமாகச் செல்வோர் உளர். அவர்கள் சென்ற கனடா முன்னைய கனடா அன்று. 1992 முதல் மத்திய அரசாங்கமே புதிதாகக் குடியேறினோர்க்கு இலவச பாஷை வகுப்புகளை ஏற்படுத்தியுள்ளது. குழந்தையை விட்டு வர இயலாத தாய்மாருக்காக வகுப்பின் அருகிலேயே குழந்தை காக்கும் ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. பாடம் கற்பவனைத் தேடிச் செல்ல வேண்டும் என்று பிட்ஸ்பாட்ரிக் கூறியதன் மறு உருவமே இதுவாகும். ஆயினும் இவ்வகுப்புகள் நிரந்தரக் குடியுரிமை பெற்றோர்க்கும், அகதிகளாக ஏற்கப்பட்டோர்க்குமே உரியவை, மாணவராகவும் தற்காலிக வேலைக்காரராகவும் செல்வோர்க்கு இல்லை, பிரஜையாகிவிட்டவர்க்கும் இல்லை. ஆகவே, “நாளைக்குக் கற்போம்” என்று அடுக்களையிலேயே வருஷங்களைக் கழித்த நம் பெண்மணிகள், பிரஜையான பின்பு அவ்வகுப்பின் வாயிலை மூடக் காண்பர். மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின், வைத்தியரிடம் தன் நோயைத் தானே சொல்ல இயலாமல் பேரனை மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் செல்லும் முதியவளின் நிலை எத்தனை இரங்கத்தக்கது! அங்கே முன்சென்று நிலைபெற்ற நம் குலத்தார், பின்வந்தவர்க்கு வீடு பார்த்துக் கொடுப்பதோடு கடமை தீர்ந்ததென எண்ணாமல், வாரம் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசக் கற்பிப்பார்களாக.

இனி, முன்னே மனத்தில் வைக்கச் சொன்னதற்கு வருவோம். நாம் இன்று அயல்நாடு செல்வோர் மாத்திரம் அல்லேம். அயலார் வந்து சேரும் நாடாகவும் நம் நாடு ஆகிவிட்டது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் திருப்பூரின் பனியன் தொழிற்சாலைகளிலும், சென்னையின் கட்டட வேலைகளிலும், ஊர்தோறும் உள்ள சிற்றுண்டிச் சாலைகளிலும் உழைக்கின்றனர். நம் சங்கத்து அங்கத்தினரிலும் ஆலையும் கடையும் நடத்துவோர் உளர். அவர்களை நாம் வணக்கத்துடன் கேட்பது ஒன்றே: உங்களிடம் வேலை செய்யும் அவ்விளைஞனோடு நீங்கள் பேசும் சொற்களை எண்ணிப் பாருங்கள். வா, போ, எடு, வை, சீக்கிரம் என்பவற்றுக்கு மேல் எத்தனை சொற்கள் உள்ளன? சின்னதுரை நம் பாட்டனாரோடு பேசிய பாஷைதானே இது? அன்று ஏவப்பட்டவர் நம்மவர். இன்று ஏவுபவர் நாம் என்பதைத் தவிர வேறுபாடு என்ன?

அண்டை நாடாகிய கேரளத்தில் இதற்கு வழி கண்டிருக்கின்றனர். அந்நாட்டு எழுத்தறிவு இயக்கத்தார் 2017-ஆம் வருஷத்தில் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, வட மாகாணத் தொழிலாளர்க்கு மலையாளம் பேசவும் எழுதவும் கற்பிக்கின்றனர். அதற்கெனப் பாடப்புத்தகமும் இயற்றினர். சங்ஙாதி என்னும் மலையாளச் சொல்லுக்குத் தோழன் என்று பொருள். காட்டு முகாமில் மரம் வெட்டிய ஆசிரியனுக்கும் இப்பெயரே பொருந்தும் அன்றோ!

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. ஆலைக் கொட்டகையில் மாலை ஒரு மணி நேரம், ஒரு கரும்பலகை, கல்லூரியிற் பயிலும் நம் குமாரர் குமாரத்திகள் இருவர் போதும். சம்பளச் சீட்டைப் படிக்க, பஸ்ஸின் பலகையைப் படிக்க, யந்திரத்தின் எச்சரிக்கையைப் படிக்க, நோய் வந்தால் வைத்தியரிடம் சொல்ல — இவையே முதற் பாடங்களாகுக. கற்பிக்கச் செல்லும் நம் பிள்ளைகள் ஒரு நாளேனும் அவ்விளைஞரோடு கூட நின்று வேலை செய்யட்டும். அவர்கள் பாஷையில் பத்துச் சொற்களேனும் கேட்டறியட்டும். முதியோர் ஒன்றுகூடிச் சங்கம் கண்டது நம் பிள்ளைகள் எழுத்தறிய வேண்டும் என்பதற்காகவே. அவ்வெழுத்தின் பயன், நம் வாயிலில் வந்து நிற்கும் பிறர் பிள்ளைக்கும் நாவைத் திறந்து விடுவதே ஆகும்.

அடுத்து வரும் செயற்குழுவில் இதனை ஆலோசித்து, ஓர் ஊரிலேனும் ஓர் ஆலையிலேனும் இவ்வருஷத்திலேயே ஆரம்பிக்குமாறு நம் சங்கத்தாரை அன்புடன் வேண்டுகிறோம். இறைவன் திருவருள் துணை நிற்பதாக.